எடுத்த பக்கம்

தோளுக்கடியில் தலையணையைத் திணித்து, கழுத்தைப் பின்னால் சாய்க்கச் சொல்லிவிட்டு, ஸ்கேன் டாக்டரம்மா சில்லென்று ஜெல்லைத் தடவினாள். புற்றுக்கட்டி என்று தைராய்டில் வலது பாதியை எப்போதோ அறுத்து எடுத்தாகிவிட்டது. மிச்சமிருப்பது இடது பாதி. அதைப் பார்க்கத்தானே வருஷா வருஷம் வருகிறேன்? இவளோ இடதுபக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வலதுபக்கமே பழியாய்க் கிடந்தாள். அழுத்துகிறாள், நிறுத்துகிறாள், பட்டனைத் தட்டுகிறாள், மறுபடி அதே இடம்.

"அந்தப் பக்கந்தான் ஒண்ணுமே இல்லியே டாக்டர். அங்க என்னத்தத் தேடறீங்க?"

"எடுத்த இடத்தையும் பாக்கணும்ல. பேசாதீங்க. எச்சில் முழுங்குங்க."

முழுங்கினேன். என்கிட்டேயா இந்த வேலை? நான் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். ஏறினதுமே யார் டிக்கெட் எடுக்கவில்லை என்று சொல்லிவிடுவேன். எடுத்தவன் என் முகத்தைப் பார்ப்பான். எடுக்காதவனுக்கு அப்போதுதான் வெளியே இருக்கிற கடைப் பலகையெல்லாம் படிக்கத் தோன்றும். இவளும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. போன தடவை என் மகள் படிப்பையெல்லாம் விசாரித்தவள். ஸ்கேன் எடுக்கிறவள் திரையைப் பார்க்காமல் என் மூக்கையா பார்ப்பாள் என்று எனக்கே தோன்றியது. ஆனாலும், கட்டி திரும்ப வந்துவிட்டதோ?

நான் கழுத்தைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசி முடித்திருந்தாள்.

"என்னங்க சொன்னா?"

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்காம். மூணு மாசம் கழிச்சு வரச் சொன்னாங்க."

"வருஷத்துக்கு ஒரு தடவைதானே?"

"சும்மா ஒரு ஜாக்கிரதைக்கு. நீ வேற, எதையாவது நோண்டிக்கிட்டு."

பஸ்ஸில் ஜன்னலோரம் எப்போதும் எனக்குத்தான். அவருக்கு உட்கார்ந்ததும் தூக்கம் வந்துவிடும். என் தோளில் சாய்ந்து குறட்டை விடுவார், என் மானம் போகும். இன்று முந்திக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். தூங்கவில்லை. செருப்புக்கடை, பூட்டிய பள்ளிக்கூடம், மறுபடி ஒரு செருப்புக்கடை. ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டே வந்தார்.

பயமாக இருந்தது. அழுகை முட்டியது, கூடவே கோபமும்.

"டிக்கெட்டைக் காட்டுங்க," என்றேன், வேலைக் குரலில்.

சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். முகத்தைத் திருப்பாமலே, சட்டைப் பையிலிருந்து இரண்டு டிக்கெட்டையும் எடுத்து நீட்டினார். வியர்வையில் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன.