பூசாத எண்ணெய்

அப்பாவின் தாடையைக் கட்ட ஸ்ரெலா வெள்ளைத் துணியைக் கிழித்துக்கொண்டிருந்தபோதுதான் பாதரின் மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றது. உயிர் போய்க் கால் மணித்தியாலம் ஆகியிருந்தது.

விடியவே அப்பா கேட்டிருந்தார். "பாதரக் கூப்பிடு மகள். பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யணும். சாகமுன்ன எண்ணெய் தொட்டு அவஸ்தையும் பூசட்டும்."

"கூப்பிட்டன், வாறாராம்," என்றாள் ஸ்ரெலா. கூப்பிடவில்லை.

இருபது வருசம் கல்குடாவில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்திவிட்டு, ஈரல் கெட்டபின் இந்த நாவற்குடா வீட்டுக்கு வந்து படுத்த மனுசன். அம்மா சாகக் கிடந்த மூன்று நாளும் வாசலையே பார்த்தாள், இவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது நெற்றியில் ஒரு சொட்டு எண்ணெயோடு நோகாமல் மோட்சம் போக வேண்டுமாம். அம்மா காத்திருந்ததில் பாதியாவது காத்துக் கிடக்கட்டும் என்று நினைத்தாள். வன்மம் என்றால் வன்மம்தான். பின்னேரம் மூச்சு இழுக்கத் தொடங்கியதும்தான் பாதரைக் கூப்பிட்டாள். பாதர் களுவாஞ்சிக்குடியில் ஒரு புது வீட்டை ஆசீர்வதித்து மந்திரிக்கப் போயிருந்தார்.

வந்தவர் எண்ணெய்ச் சிமிழைத் திறக்கவில்லை. செத்தவருக்கு அவஸ்தை பூசுவதில்லை. செபம் மட்டும் சொன்னார்.

"அவர் ஆசைப்பட்டவர்தானே. ஆண்டவருக்கு அது போதும் மகள்."

பக்கத்து வீட்டுப் புஸ்பம் அக்கா மூக்கைச் சிந்தினாள். "பகல் கஞ்சி கொண்டுவரக்குள்ள நான் கேட்டன் பாதர். 'புள்ள விடியவே கூப்பிட்டுட்டாள், பாதருக்குத்தான் வேலையாம். அவள ஒண்டும் சொல்லாத புஸ்பம்' எண்டார்."

ஸ்ரெலாவின் கை நின்றுபோனது. போன் விடியத்திலிருந்து அப்பாவின் தலைமாட்டில்தான் சார்ஜில் கிடந்தது. பின்னேரம் வரை அவள் அதைத் தொடவேயில்லை என்று அவருக்குத் தெரியும். பாவசங்கீர்த்தனத்துக்குக் காத்துக் கிடந்த மனுசன், அவளுக்காக இன்னொரு பொய்யையும் தலையில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்.

அழைப்பு எப்போது வந்ததென்று பாதருக்கும் தெரியும். செபத்துக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் போடும் ஊதாப் பட்டையைக் கழுத்திலிருந்து எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தார். புஸ்பம் அக்கா கோப்பி போடக் குசினிக்குப் போனாள். இனி இந்த வீட்டில் ஸ்ரெலாவோடு கோபிக்கவோ அவளை மன்னிக்கவோ ஒருத்தரும் இல்லை.

"நான் வெளிக்கிடவா மகள்?"

"இல்ல பாதர். கொஞ்சம் இரிங்க."

கதவைச் சாத்திவிட்டு வந்து, கட்டிலடியில் முழந்தாளிட்டாள்.

"கடைசியா எப்ப பாவசங்கீர்த்தனம் செய்தீங்க?"

"அம்மா செத்த வருசம்."

பாதர் பட்டையை மறுபடி எடுத்து விரித்துக் கழுத்தில் போட்டார். கதிரையை இழுத்து உட்கார்ந்து, அவள் பக்கம் காதைச் சாய்த்தார்.