சுவருக்குள் இருந்த கங்கு

தீ அணைந்துவிட்டது. எல்லோரும் ஒருவருக்கொருவர் கைகொடுத்துக் கிளம்ப வேண்டிய நேரம். ஆனால் தீயணைப்பு வீரர்களின் தலைவன் பயூமி கையுறையைக் கழற்றிவிட்டு, வரவேற்பறைச் சுவரில் புறங்கையை வைத்துச் சாண் சாணாக நகர்த்திக்கொண்டிருந்தான். வயிற்றுவலிக்காரனின் வயிற்றை மருத்துவர் தொட்டுப் பார்ப்பதுபோல இருந்தது. ஊரார் மரியாதையாக 'பே' என்று அழைக்கும் வீட்டுக்காரர் இஸ்மத்துக்கு அது பிடிக்கவில்லை. அந்தச் சுவரை யாரும் தொடுவது அவருக்குப் பிடிக்காது.

மற்றபடி அவர்கள்மேல் அவருக்குக் குறையில்லை. மீன் பொரித்த எண்ணெய் பற்றிக்கொண்டு அடுக்களை எரிந்துகொண்டிருந்தபோதே, இரண்டு பேர் நேராக வரவேற்பறைக்குள் நுழைந்தார்கள். திட்டுவதற்காக வாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கம்பளத்தைச் சுருட்டினார்கள். பொன்முலாம் பூசிய நாற்காலிகளை நடு அறையில் ஒன்றோடொன்று சேர்த்தார்கள். தந்தையின் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, மெத்தைமேல் சாய்த்து, எல்லாவற்றையும் கித்தானால் மூடினார்கள். இன்னொரு கித்தானின் இரு ஓரங்களையும் உள்ளே சுருட்டி, வாய்க்கால் போலாக்கி, அடுக்களைத் தண்ணீர் கூடத்தில் பரவாமல் மாடிப்படிக்குப் போகும்படி விட்டார்கள். பெற்ற பிள்ளைகள்கூட அந்தப் படத்தை இவ்வளவு மரியாதையோடு இறக்கியிருப்பார்களா என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"இங்க சுடுது, பே," என்றான் பயூமி. "இந்த எடத்துல இது செங்கல் சுவரு இல்ல. மெல்லிசா மரப்பட்டிய வரிசையா அடிச்சு மேல சுண்ணாம்பு பூசியிருக்கு. உள்ள வெறும் கூடு. அதுக்குள்ள கங்கு உக்காந்திருக்கு. வெட்டிப் பாக்கணும்."

"வேற எங்க வேணும்னாலும் வெட்டு. இதத் தொடக் கூடாது."

"ஏன் பே, புதையல் ஏதும் வச்சிருக்கீங்களா?"

"நான்தான் தம்பி அந்தப் புதையல்," என்றாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்த தவ்லத். முகத்தில் கரி அப்பியிருந்தாலும் நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. "என்னைத்தான் உள்ள வச்சுப் பூசியிருக்காரு."

பயூமி கணவனையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான்.

அது சுவரல்ல, ஒரு காலத்தில் கதவு. இரட்டைக் கதவு. அந்தப் பக்கம் தம்பி ராஃபத், இந்தப் பக்கம் இஸ்மத், இரண்டுக்கும் பொதுவாகத் தந்தை. பெருநாள் காலைகளில் இரண்டு கதவுகளும் சுவரோடு சுவராகத் திறந்து கிடக்கும். தெருவைப் பார்த்த பால்கனியிலிருந்து பின்கட்டுப் பால்கனிவரை குழந்தைகள் ஒரே ஓட்டமாக ஓடுவார்கள். அந்தப் பக்கம் வானொலி பாடினால் இந்தப் பக்கம் தனியாக ஒன்று தேவையில்லை. தவ்லத் மணப்பெண்ணாக வந்தபோது மேளமும் குலவையுமாக அந்தக் கதவு வழியாகத்தான் அழைத்து வந்தார்கள். அவள் வெள்ளை உடையின் பின்நீளம் தரையில் இழுபட, அதைத் தூக்கிப் பிடித்து வந்தவன் ராஃபத்.

தந்தை இறந்த அன்று மாலை துக்கப் பந்தலில், ஆறுதல் சொல்ல வருவோரை எதிர்கொள்ளும் வரிசையின் முதலில் மூத்தவன் நிற்க வேண்டும். அதுதான் முறை. கப்ருக் குழியை மூடி முடிக்கும்வரை இருந்துவிட்டு இஸ்மத் வந்து பார்த்தபோது, அந்த இடத்தில் ராஃபத் நின்று ஊராரின் கைகளைப் பற்றிக்கொண்டிருந்தான். அண்ணனைக் கண்டும் நகரவில்லை. இஸ்மத் வரிசையின் கடைசியில் போய் நின்றார். நாற்பதாம் நாள் முடிந்ததும் தச்சனை வரவழைத்துக் கதவைக் கழற்றி, பட்டி அடித்துப் பூசச் சொன்னார். பூசிய ஈரம் காயுமுன் நாலு பேர் கேட்க ஆணையிட்டார்: "என் உசுரு இருக்கற வரைக்கும் இது தொறந்தா, என் பெண்டாட்டி எனக்குத் தலாக்."

அந்த வீட்டு ஆண்கள் சொன்ன சொல்லை விழுங்கியதில்லை.

மாடிப்படியில் தடதடவென்று ஏறி வந்த வீரன் ஒருவன், "சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பெரியவர் கதவத் தொறக்க மாட்டேங்கறாரு, அண்ணே," என்றான். "அண்ணன் வீட்டுத் தீ அண்ணன் வீட்டோட இருக்கட்டும்னு உள்ள இருந்தே பேசறாரு. இரும்புக் கதவு வேற."

"வேற யாரு இருக்கா உள்ள?"

"யாருமில்ல," என்றாள் தவ்லத். "சம்சாரம் செத்துப்போச்சு. தனியாத்தான் கெடக்கான். காலு வேற சரியில்ல."

சுவரின் அடிக்கட்டைக்கும் தரைக்கும் நடுவிலிருந்து நூல்போல ஒரு புகை எழுந்தது. பயூமி குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான். இப்போது அவன் குரலில் விளையாட்டு இல்லை.

"பே, மரியாதைக்காகத்தான் இவ்வளவு நேரம் நின்னேன். கூட்டுக்குள்ள தீ புகைபோக்கியில ஏறுற மாதிரி ஏறும். இரும்புக் கதவ அறுத்துக்கிட்டு நாங்க போறதுக்குள்ள அவரு கூரையில போய் நிக்கும். நீங்க சொன்னாலும் சொல்லாட்டியும் வெட்டத்தான் போறேன்."

இஸ்மத் பே சுவரைத் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு விடியலிலும் அந்தச் சுவருக்கு அப்பாலிருந்து ஓர் இருமல் கேட்கும். அது கேட்ட பிறகுதான் அவர் தொழுகைக்கு எழுவார். கேட்காத நாட்களில் படுக்கையிலேயே காத்துக் கிடப்பார். இதை யாருக்கும் சொன்னதில்லை, தவ்லத்துக்கும்.

"வெட்டச் சொல்லுங்க," என்றாள் தவ்லத்.

"தலாக்கு விழுந்துரும்."

"விழட்டும். பள்ளிவாசல் ஷேக்கக் கூப்புட்டு மறுபடி நிக்காஹ் பண்ணிக்கலாம். சம்மதமா இல்லியான்னு அப்ப யோசிச்சுச் சொல்றேன்."

வீரர்களில் ஒருவன் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான். பயூமி கோடாலியை ஓங்கினான்.

"நில்லு," என்றார் இஸ்மத் பே. "அத இங்க குடு."

"பே..."

"ஆணை என்னுது. அத வெளியாளு உடைக்கக் கூடாது."

பயூமி ஒரு கணம் தயங்கி, தன் தலைக்கவசத்தை அவர் தலையில் கவிழ்த்துக் கோடாலியைக் கொடுத்தான். முதல் வெட்டில் சுண்ணாம்பு மட்டும் உதிர்ந்தது. இரண்டாவது வெட்டில் கோடாலி பட்டியில் மாட்டிக்கொண்டது. பிடுங்கி எடுத்து மூன்றாவது முறை ஓங்கினார். வெட்டு உள்ளே இறங்கியது. கறுத்த புகை முகத்தில் மோதியது. பயூமி அவரைப் பின்னால் இழுத்து நிறுத்திவிட்டு, வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டான். உள்ளே கங்கு ஓரமோரமாகச் சிவந்து மேலேறிக்கொண்டிருந்தது. சிறு குழாயால் நீரைப் பீய்ச்சினார்கள், சீறி அடங்கியது. கரி முடிந்து வெளுத்த மரம் தெரியும்வரை மேலே மேலே பட்டிகளை உரித்தான். அந்தப் பக்கத்துப் பூச்சும் பெயர்ந்து விழ, பின்கட்டுப் பால்கனியின் வெயில் திடீரென்று வரவேற்பறைக்குள் வந்தது.

வெயிலுக்கு நடுவே, கோடுபோட்ட இரவுடையில், கைத்தடியோடு ராஃபத் நின்றான். முடியெல்லாம் வெளுத்துத் தந்தையின் சாயல் வந்திருந்தது.

"யாரக் கேட்டு உடைச்சே?"

"வாப்பா கட்டின வீடு. யாரக் கேக்கணும்?"

"என் சோபாவெல்லாம் நனையுது."

"உன் சோபாவா அது? அம்மாவோட சீதனம்."

"சண்டைய அப்புறம் வச்சுக்குங்க பெரியவங்களே," என்று பயூமி ஓட்டை வழியாக நுழைந்தான். பின்னாலேயே இரண்டு வீரர்கள் அந்த வீட்டுச் சாமான்களைச் சேர்த்து வைக்கப் போனார்கள். ராஃபத் இருமினான். நீண்ட, வறண்ட இருமல். சுவரில்லாமல் அதைக் கேட்பது இஸ்மத் பேவுக்குப் புதிதாக இருந்தது. தலைக்கவசத்தைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அவர் தொண்டையும் புகையில் எரிந்தது. "தண்ணி" என்று சொல்லத் திரும்பியவர் நிறுத்திக்கொண்டார். தலாக் விழுந்துவிட்ட இப்போது அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது?

அவர் கூப்பிடவில்லை. தவ்லத் தானாகவே எழுந்து போனாள். திரும்பி வந்தபோது, தோளில் சரிந்து கிடந்த முக்காட்டைப் புருவம்வரை இழுத்து விட்டிருந்தாள். ஒரு குவளையை ஓட்டை வழியாக ராஃபத்தின் கையில் கொடுத்தாள். மற்றதை இஸ்மத் பேவின் கையில் கொடுக்கவில்லை. அவருக்கும் தனக்கும் நடுவில், ஒரு நாற்காலியின் விளிம்பில் வைத்துவிட்டு இரண்டடி பின்வாங்கி, வேற்று வீட்டுக்கு வந்தவள்போலத் தரையைப் பார்த்து நின்றாள். மேலிருந்து உதிர்ந்த சுண்ணாம்புத் தூள் மெல்ல அந்தத் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது.