தையற்காரி கார் பார்க்கப் போனாள்

கார் ஷோரூமுக்குள் நுழைந்ததும் தையற்காரி கைப்பையிலிருந்து எடுத்தது அளவு நாடாவை. விற்பனையாளர் இன்ஜின் பெருமையை மூச்சுவிடாமல் பாடிக்கொண்டிருக்க, அவள் ஒப்புக்கு "உம்" கொட்டியபடி பின் இருக்கையில் ஏறினாள்.

"மேடம், எல்லா அளவும் இந்தப் புத்தகத்துலயே இருக்கு."

"இருக்கட்டும் தம்பி. அந்த முனையக் கொஞ்சம் பிடிங்க."

அவர் பிடித்தார். அவளிடம் அப்படித்தான், முனையைப் பிடிக்காமல் தப்பியவர் கிடையாது. அச்சடித்த சைஸை நம்பிச் சட்டை வாங்கிவிட்டு, அக்குளில் பிடிக்கிறதென்று ஓடி வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள் அவள். புத்தகத்தை எப்படி நம்புவாள்?

தையல் நோட்டில் வீட்டில் ஆளுக்கொரு பக்கம் போட்டு எல்லாம் எழுதி வைத்திருந்தாள். பின்னால் மகள்கள் இருவர், இடிபடாமல் உட்காரலாம். டிக்கியில் மெஷின் படுக்கும். ஓட்டுவது அவள். பக்கத்தில் அவள் கணவர். இத்தனை அளவும் அந்த ஒரு இருக்கைக்காகத்தான்.

இருபது வருடம் பேருந்து ஓட்டிய மனுஷர் அவர். ஆபரேஷனுக்குப் பிறகு இடது முழங்கால் சரியாக மடங்குவதில்லை. வீட்டிலிருக்கும் சின்னக் காரில் அவரை ஏற்றி இறக்குவதற்குள் இருவருக்கும் போதும் போதுமென்றாகிவிடும். எட்டு மாதமாக ஆஸ்பத்திரி தவிர வேறெங்கு கூப்பிட்டாலும் அசைய மாட்டார். இப்படியே வீட்டோடு முடங்கிவிடுவாரோ என்று அவளுக்குப் பயம். காலை நீட்ட இடமிருந்தால் ஆளை வெளியே கொண்டுவந்துவிடலாம், அதில் அவளுக்குத் துளிகூடச் சந்தேகமில்லை. இன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் அவரையும் நேராக இங்கே கூட்டி வந்திருந்தாள்.

"என்னங்க, உக்காந்து பாருங்க."

ஊன்றுகோலைக் கதவில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். கால் நேராக நீண்டது. அதற்கு மேலும் நாலு விரல் இடம். நோட்டில் எழுதியது அப்படியே பலித்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லாதான் இருக்கு."

அவள் முகம் சுருங்கியது. இந்த "நல்லாதான் இருக்கு" அவளுக்குத் தெரியும். இப்படிச் சொல்லி வாங்கிப் போகிறவர்கள் அந்தத் துணியை ஒருநாளும் உடுத்துவதில்லை.

அவர் கண் அவளைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இதுல கிளட்ச் இல்லையா?"

"ஆட்டோமேட்டிக் சார்," என்றார் விற்பனையாளர். "இடது காலுக்கு வேலையே இல்ல."

கணவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். அவளுக்குச் சுருக்கென்றது.

"டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

"கிளட்ச் இல்லாத வண்டின்னா தாராளமா ஓட்டலாம்னாரு. ரெண்டு மாசமாச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீதான் நோட்டுல என்னைப் பக்கத்து சீட்ல எழுதிட்டியே. ஆசையா எழுதியிருந்த. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

வாடிக்கையாளரைக் கேட்காமல் ஒரு கைக்குட்டைத் துணியில்கூட அவள் கத்தரி வைத்ததில்லை. கட்டிய புருஷனை ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டி முடித்திருந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"இறங்குங்க," என்றாள். "அந்தப் பக்கம் போங்க."

அவர் காரைச் சுற்றி நடந்தார். கைகொடுக்கப் போன விற்பனையாளரை அவள் கண்ணாலேயே நிறுத்தினாள். கணவர் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து இருக்கையை முழுக்கப் பின்னுக்குத் தள்ளினார், இடது காலை ஓரமாக நீட்டி வைத்தார், கண்ணாடியைத் திருப்பினார், பெல்ட்டை மாட்டினார். எதற்கும் யாரையும் கேட்கவில்லை.

"ஓட்டிப் பாக்கலாமா தம்பி?"

"தாராளமா சார்." விற்பனையாளர் பின்னால் ஏறிக்கொண்டார்.

அவள் இன்னும் வெளியிலேயே நின்றிருந்தாள். கணவர் குனிந்து அவளைப் பார்த்தார்.

"ஏறும்மா, போலாம்."

எட்டு மாதமாக அந்த வீட்டில் "போலாம்" என்று சொன்னது அவள் ஒருத்திதான்.