மேல்கட்டடம் மட்டும்

பத்திரம் எழுதுவதற்கு முதல் நாள், புதன்கிழமை காலை எட்டு மணிக்கு, துளசிராமன் ஒரு எவர்சில்வர் தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துக்கொண்டு ராயபுரத்தில் அந்தச் சந்துக்குள் நுழைந்தார். அவர் மனைவி ஜானகியம்மாள் அந்த நேரம் பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் படுக்கையில் இருந்தார். வெளியே விடப் பதினோரு மணி ஆகும்.

வாரத்தில் மூன்று நாள் இந்தப் பாடு. கவரைப்பேட்டைக்கு உள்ளே இருக்கும் ஊரிலிருந்து விடியுமுன் கிளம்பி, ரயில் பிடித்து, பேசின் பிரிட்ஜில் இறங்கி, ஆட்டோ வைத்து வர வேண்டும். போன மாதம் திரும்பும்போது ஜானகியம்மாள் பிளாட்பாரத்திலேயே சரிந்து விழுந்தார். "இன்னொரு மழைக்காலம் இந்த ரயில்ல என்னால முடியாதுங்க" என்றார் அன்றைக்கு. அதன் பிறகுதான் துளசிராமன் ஒன்றரை ஏக்கர் நெல் நிலத்தைக் கிடங்கு கட்டுகிற கம்பெனிக்கு விலைக்குக் கொடுத்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் மகள் சுமலதா, அன்புசெல்வன் என்ற புரோக்கரைப் பிடித்து இந்த வீட்டைக் கண்டுபிடித்தாள். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஐந்து நிமிஷம். படி ஏற வேண்டாம்.

வீடு பழையது, காலியாகக் கிடந்தது. சாவியை அன்புசெல்வன் முன்பே கொடுத்திருந்தான். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கிய கூரை. முன்னறை, உள்ளறை, பின்னால் ஒரு குழாயடி. கடற்காற்றில் சுவரின் சுண்ணாம்பு முழங்கால் உயரம் வரை உதிர்ந்திருந்தது. சந்து முனையில் நின்றால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தன, கடல் தெரியவில்லை.

துளசிராமனின் ஊரில் நிலம் வாங்குகிறவர் பத்திரத்துக்கு முன்னால் நான்கு பக்கத்து வரப்புக்காரர்களிடமும் தாம்பூலம் கொடுத்துச் சொல்ல வேண்டும். பிறகு அவர்கள் கண் முன்னால் எல்லையை அடி வைத்து நடக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் வாங்கினால் பின்னால் வாய்க்கால் தண்ணீருக்கு ஒருத்தரும் பேச வர மாட்டார்கள். பட்டணத்தில் வாய்க்கால் இல்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் சொல்லாமல் வாங்க மனம் வரவில்லை.

பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. சரி, எழுந்திருக்கட்டும் என்று தட்டை அந்த வாசற்படியில் வைத்துவிட்டு, சுவரோரமாகக் குதிகாலும் விரலும் ஒட்ட அடி வைத்து அளக்கத் தொடங்கினார். பதினேழாவது அடியில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"யோவ் பெரியவரே! இன்னாத்துக்கு செவுத்த அளந்துகினு கீற?"

பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள். அறுபது வயதிருக்கும், கையில் பால் பாக்கெட். அவர் பதில் சொல்வதற்குள் அந்த அம்மாள் வாசற்படியைப் பார்த்துவிட்டார்.

"அய்ய, தட்டு வேற வெச்சிருக்கான் பாரு! ஜெபா! ஏ ஜெபா! வெளிய வா. டிரஸ்ட்டுலருந்து ஆளு வந்துகீது. வெத்தல பாக்கு வெச்சி காலி பண்ணச் சொல்றானுங்க!"

எதிர் வீட்டு ஜெபா பாதி பின்னிய தலையோடு ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர்.

"சர்வேயா? நோட்டீஸ் எங்க? நோட்டீஸ் இல்லாம ஒரு ஸ்டெப்பு வெக்கக் கூடாது நீ," என்றாள் ஜெபா.

"சர்வே இல்லம்மா. இந்த ஊட்ட நான் வாங்கறேன். நாளைக்குப் பத்திரம். பக்கத்துல இருக்கறவங்ககிட்ட சொல்லிட்டு வாங்கறது எங்க ஊரு வழக்கம்."

கெங்கம்மாள் சிரித்த சிரிப்பில் பால் பாக்கெட் குலுங்கியது.

"வாங்கற ஊட்ட காலாலயா அளப்ப? நல்லா கீதுயா உங்க ஊரு!"

துளசிராமனும் சிரிக்க முயன்றார். "எல்லை தெரியணுமில்ல? உங்க மண்ணு எங்க ஆரம்பிக்குதுன்னு காட்டினீங்கன்னா..."

"என் மண்ணா? எனக்கு ஏது மண்ணு?"

"இந்த ஊடு உங்களுது இல்லியா?"

"ஊடு என்னுதுதான். எங்க மாமனார் கட்டினது."

"அப்ப மண்ணு?"

"மண்ணு டிரஸ்ட்டுது."

அவர் எதிர் வீட்டுப் பக்கம் திரும்பினார். "எங்களுதும் டிரஸ்ட்டுதான் தாத்தா," என்றாள் ஜெபா. "இந்தச் சந்து மொத்தமும். அந்தக் காலத்துல தொண்ணூத்தொம்போது வருஷக் குத்தகைக்கு வுட்டது. கட்டடம்தான் நம்மளுது. விப்பாங்க, வாங்குவாங்க. யாரும் மண்ணப் பத்திப் பேச மாட்டாங்க."

"குத்தகை இன்னும் எத்தினி வருஷம் இருக்குது?"

"பதினொண்ணு."

"அப்புறம்?"

"அப்ப பாத்துக்கலாம்," என்றார் கெங்கம்மாள்.

அந்த வார்த்தை துளசிராமனுக்குப் புதிதல்ல. கிடங்குக் கம்பெனிக்கு நிலத்தைக் கொடுப்பதாகச் சொன்ன அன்று, அதைக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்த சின்னராசு, "நான் எங்க போறதுங்க?" என்று கேட்டான். துளசிராமன் இதையேதான் சொன்னார். சின்னராசு இப்போது சிப்காட்டில் ஒரு கேட்டில் காவல் நிற்கிறான்.

பையிலிருந்து பத்திர நகலை எடுத்து வெயிலில் பிடித்துப் படித்தார். நான்கு எல்லையும் ஒழுங்காக எழுதியிருந்தது. எல்லை எழுதியிருந்தால் மண் இருக்கிறது என்றுதான் அவர் நினைத்திருந்தார். மூன்றாம் பக்கத்தின் அடியில், "மேற்படி எல்லைக்குட்பட்ட இடத்தில் உள்ள மேல்கட்டடம் மட்டும்" என்று ஒரு வரி. நான்கு தடவை படித்த பத்திரம். அந்த வரியையும் நான்கு தடவை படித்திருந்தார்.

அன்புசெல்வனுக்குப் போன் செய்தார்.

"நைனா, இது இங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். உங்களுக்கும் தெரியும்னு நெனச்சேன்."

"மண்ணு இல்லாம ஊடு எப்படிப்பா நிக்கும்?"

"நிக்குதே நைனா. எண்பத்தெட்டு வருஷமா நிக்குது. சொந்த மண்ணோட வேணும்னா சொல்லுங்க, மீஞ்சூர் தாண்டி காட்டறேன்."

மீஞ்சூர் என்றால் மறுபடியும் ரயில்.

பதினொன்றேகாலுக்கு ஜானகியம்மாளை ஆட்டோவில் அழைத்து வந்தார். கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சுக் கட்டு. வீட்டைப் பார்ப்பது அவருக்கு முதல் தடவை. சுற்றிப் பார்க்கவெல்லாம் இல்லை. முன்னறைத் தரையில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். தரை குளிர்ச்சியாக இருந்தது.

"இன்னாங்க, மூஞ்சி ஏன் அப்பிடி இருக்குது?"

துளசிராமன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கெங்கம்மாள் தன்னை டிரஸ்ட் ஆள் என்று நினைத்ததைச் சொன்னபோது ஜானகியம்மாள் கண்ணை மூடியபடியே சிரித்தார்.

"பதினோரு வருஷந்தான் ஜானகி. அதுக்கப்புறம் அவன் போன்னா போவணும். பொண்ணுக்கு இன்னா மிஞ்சும்? நிலத்த குடுத்துட்டு செங்கல்ல வாங்கறோமா? எனக்கு ஒண்ணும் வெளங்கல."

"பதினோரு வருஷமா?"

"ஆமா."

"அவ்ளோ நாளு நான் இருப்பேன்னு டாக்டரே சொல்லலியே. டிரஸ்ட்டுக்காரன்தான் பெரிய மனசா குடுத்துருக்கான்."

அவர் அதை விளையாட்டாகச் சொன்னாரா என்று துளசிராமனுக்குப் புரியவில்லை. கேட்கலாம் என்று குனிந்தார். ஜானகியம்மாள் தூங்கிவிட்டிருந்தார். மற்ற நாட்களில் இந்த நேரத்தில் பிளாட்பாரத்துப் பெஞ்சில் கணவரின் தோளில் சாய்ந்து, வண்டி வந்ததா வந்ததா என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

இந்த வீட்டை வேண்டாம் என்று சொல்ல துளசிராமனிடம் நல்ல காரணம் இருந்தது. சுமலதாவிடம் சொன்னால் அவளும் வேண்டாம் என்பாள். ஊரில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். வேறு வீடு தேட இரண்டு மாதமோ மூன்று மாதமோ ஆகலாம். இரண்டு மாதம் என்றால் எத்தனை ரயில் என்று கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார்.

போன் அடித்தது. ஜானகியம்மாள் விழித்துவிடக் கூடாது என்று வாசலுக்குப் போய் எடுத்தார்.

"நைனா, நாளைக்குப் பத்தரைக்கு ரிஜிஸ்தர் ஆபீஸ்ல டோக்கன். வர்றீங்களா, கேன்சல் பண்ணிடட்டா? ஓனர் கேக்கறாரு."

துளசிராமன் உள்ளே எட்டிப் பார்த்தார். "அன்பு, நான் இன்னா வாங்கறேன்னு ஒரே ஒருவாட்டி சரியா சொல்லிடு."

"ஊடு நைனா."

"கீழ இருக்கறது?"

"அதையே புடிச்சிகினு கீறீங்களே நைனா. ஊடு. ஊடுதான்."

"குத்தகைல என் பேரு இருக்கணும். டிரஸ்ட்டுக்குப் போயி மொதல்ல அத மாத்திக் குடுக்கற. மாத்தித் தரேன்னு எழுதிக் குடுத்தாத்தான் நாளைக்குக் கையெழுத்து."

"செஞ்சிடலாம். அப்ப வர்றீங்க?"

"வரோம்," என்றார்.

போனை வைத்த பிறகும், எதற்கு ஒப்புக்கொண்டோம் என்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. உள்ளே வெயில் ஜானகியம்மாளின் கால் வரை வந்திருந்தது. சத்தம் வராமல் கதவைச் சாத்தினார்.