மஞ்சள் உறை

கிழிந்த பாக்கெட்டுகளைப் பிரித்து உள்ளே இருக்கும் பிஸ்கட்டைத் தனியாகக் கொட்டுவதுதான் அன்று காலை அவளுக்குக் கொடுத்த வேலை. முந்தின நாள் மாலை இயந்திரத்தில் ஓடிய சரக்கில் ஓரம் சரியாக ஒட்டாத பாக்கெட்டுகள் ஒரு கூடை நிறைய வந்திருந்தன. எல்லாம் மஞ்சள் உறை. வெண்ணெய் பிஸ்கட். ஐந்தாவதோ ஆறாவதோ பாக்கெட்டைப் பிரித்தபோது ஒரு பிஸ்கட் கை தவறி மேஜை விளிம்பில் பட்டு இரண்டாக உடைந்தது. உடைந்த இடத்தில் பழுப்பாகத் துணுக்குகள் தெரிந்தன.

வேர்க்கடலை.

அவள் அதை முகர்ந்து பார்த்தாள். பதினோரு வருடமாக அந்த பிஸ்கட் தொழிற்சாலையில் நிற்கிற மூக்குக்கு எந்த வாசனையும் தனியாகத் தெரிவதில்லை. நாக்கு நுனியில் வைத்தாள். சந்தேகமே இல்லை. கடலை பிஸ்கட் பக்கத்துக் கட்டடத்தில், வேறு அடுப்பில், வேறு இயந்திரத்தில் தயாராவது. அதற்கு ஆரஞ்சு உறை. அந்த இயந்திரத்தில் யாரோ மஞ்சள் உறைச் சுருளை மாட்டிவிட்டார்கள்.

நேற்று மாலை வீட்டுக்குப் போகும்போது ஊழியர்களுக்கு ஆளுக்கொரு மஞ்சள் பாக்கெட் கொடுத்தார்கள். இன்று காலை ஏழேமுக்காலுக்கு அதை அவளே தன் கையால் அக்கா மகளின் பள்ளிப் பையில் வைத்தாள்.

அக்கா மகளுக்கு வயது ஏழு. வீட்டில் எல்லோரும் பொடிசு என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று வயதில் யார் வீட்டிலோ ஒரு கடலை மிட்டாயைக் கடித்துவிட்டு மூச்சு முட்டி நீலம் பாரித்துப் போனவள். அன்றிலிருந்து அக்கா கடைப் பண்டம் எதையும் வீட்டுக்குள் விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் மாவு பிசைந்து, டம்ளரின் வாயால் வட்டம் வட்டமாக வெட்டி, அவளே பிஸ்கட் சுடுவாள். ருசியாகத்தான் இருக்கும். ஆனால் பொடிசுக்குக் கடை பிஸ்கட் மேல்தான் உயிர். எல்லோரும் இடைவேளையில் பாக்கெட்டைச் சரக்கென்று பிரிக்கும்போது தான் மட்டும் டப்பாவைத் திறப்பது அவளுக்குப் பெரிய மானப் பிரச்சினை.

ஒரு மாதமாக அவளும் அக்காவும் இதற்காகச் சண்டை போட்டார்கள்.

"எத்தனை நாளைக்குக்கா அவளைப் பொத்திப் பொத்தி வெச்சிருப்பே? வெண்ணெய் பிஸ்கட்ல கடலை வாடையே கிடையாது. நான் அங்கதானே வேலை பாக்கறேன், எனக்குத் தெரியாதா?"

நேற்று இரவுதான் அக்கா இறங்கிவந்தாள். "சரி. உன்னை நம்பித்தான் குடுக்கறேன்."

அந்த வார்த்தைதான் இப்போது அவள் காதில் ஒலித்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து பதினெட்டு. பத்தரைக்குப் பள்ளியில் இடைவேளை.

உடைந்த பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் ஓடினாள்.

"சார், மஞ்சள் உறைக்குள்ள கடலை பிஸ்கட் இருக்கு. நேத்து சாயங்காலச் சரக்கு. லாரியை நிறுத்துங்க."

அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒரு பாக்கெட்ல ஏதாச்சும் கலந்திருக்கும். எழுதி வை, பாக்கலாம்."

அவள் போய்க் கூடையையே தூக்கிவந்து அவர் மேஜைமேல் கவிழ்த்தாள். ஒரு பாக்கெட்டைக் கிழித்து பிஸ்கட்டை உடைத்தாள். கடலை. இன்னொன்று. கடலை. மூன்றாவதை அவரே வாங்கி உடைத்தார். அவர் முகம் வெளிறிப்போனது.

"லாரி கிளம்பிடுச்சா?" என்று யாரையோ கேட்டுக்கொண்டே முற்றத்துக்கு ஓடினார்.

அவள் எதிர்ப்பக்கம் ஓடினாள். வேலை நேரத்தில் கைப்பேசி உடைமாற்றும் அறையில் பெட்டிக்குள் பூட்டியிருக்கும். பெட்டியைத் திறந்து எடுத்தாள். அக்காவுக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா தையல் கடையில் இருப்பாள். நாலு மிஷின் ஓடுகிற சத்தத்தில் எது கேட்கும்? பள்ளி அலுவலகத்துக்குப் போட்டாள். எழுத்தர் அம்மா எடுத்தார்.

"இரண்டாம் வகுப்பு, கடலை ஒத்துக்காத பொண்ணு இருக்காளே, தெரியுமாம்மா?"

"அந்தப் பொண்ணா? தெரியுமே. நீங்க?"

"அவ சித்தி. அவ பையில மஞ்சள் பாக்கெட் பிஸ்கட் இருக்கு. அதைச் சாப்பிட விடாதீங்க. உள்ளே கடலை இருக்கு. ஓடுங்கம்மா, ப்ளீஸ்."

பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் மணி அடித்தது. இடைவேளை மணி. பிள்ளைகள் வகுப்பைவிட்டு வெளியே பாயும் இரைச்சல். ரிசீவரை மேஜைமேல் போட்டுவிட்டு எழுத்தர் ஓடும் சத்தம் கேட்டது. அப்புறம் வெறும் இரைச்சல்தான். அவள் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு நிமிடமா, மூன்று நிமிடமா, தெரியவில்லை.

மூச்சு வாங்கிக்கொண்டே வேறொரு குரல் வந்தது. வகுப்பு டீச்சர், பொடிசைப் பையோடு அலுவலகத்துக்கே தூக்கிவந்திருந்தார்.

"ஒரு கடி கடிச்சிட்டா. துப்ப வெச்சிட்டோம். ஆனா உதடு வீங்குது. இருமறா."

"பையோட முன்பக்க ஜிப்புல இதுக்குன்னே டாக்டர் குடுத்த ஊசி இருக்கு. பேனா மாதிரி. எடுங்க."

"எனக்குப் போடத் தெரியாதே..."

"தெரிய வேண்டாம். நான் சொல்றேன். நீல மூடியைக் கழட்டுங்க. தொடையில, வெளிப்பக்கமா, துணிமேலேயே வெச்சு அழுத்துங்க. டிக்னு சத்தம் வரும். எடுக்காதீங்க. பத்து எண்ணுங்க."

டீச்சர் எண்ணினார். ஐந்துக்கு மேல் அவர் குரல் அழுகையாகிவிட்டது. ஆனாலும் பத்து வரை எண்ணினார்.

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க. நான் வரேன்."

ஆஸ்பத்திரியில் அவளுக்கு முன்னாலேயே அக்கா வந்திருந்தாள். கழுத்தில் தையல் நாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கட்டிலில் பொடிசு மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள். உதடு மட்டும் இன்னும் தடித்திருந்தது. ஆபத்து இல்லை, ஆனால் ராத்திரி முழுக்க இங்கேயே இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

"சித்தி," என்றாள் பொடிசு, கரகரத்த குரலில். "நான் ஒரே ஒரு கடிதான் கடிச்சேன். சத்தியமா."

"உன்மேல தப்பே இல்லடா கண்ணு."

அக்கா திரும்பினாள். "வெளியே வா."

வராந்தாவில் அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

"நாலு வருஷமா நான் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாத்தேன். நீ ஒரே நாள்ல... போ. இப்போதைக்கு என் கண்ணு முன்னாடி நிக்காத."

அவள் போனாள். தொழிற்சாலைக்குத்தான் போனாள், வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. லாரியைச் சுங்கச்சாவடியில் மடக்கித் திருப்பியிருந்தார்கள். ஆனால் காலை ஆறு மணிக்கே ஒரு சின்ன வண்டி இருபத்தாறு கடைகளுக்குச் சரக்குப் போட்டுவிட்டு வந்திருந்தது. ஊழியர்கள் கொண்டுபோன பாக்கெட்டுகள் வேறு. பட்டியலை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு மாலை வரை எல்லோரும் தொலைபேசியில் உட்கார்ந்தார்கள். அவள் பங்குக்கு நான்கு கடை. விற்றுப்போன பாக்கெட்டை வாங்கினது யார் என்று ஒவ்வொரு கடைக்காரரையும் நோண்டி நோண்டிக் கேட்டாள். தெருவில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லவும் மேனேஜர் ஒப்புக்கொண்டார். வேறு எந்த வீட்டிலும் எதுவும் ஆகவில்லை.

மறுநாள் சூப்பர்வைசர் ஒரு தாளை நீட்டினார். மஞ்சள் சுருள் எப்படி மாறியது என்பதைப் பற்றி எழுதியிருந்தது. "கையெழுத்துப் போடும்மா. நீ கண்டுபிடிச்சதா போட்டிருக்கேன்."

அவள் படித்துப் பார்த்தாள். "'உடனே நடவடிக்கை எடுக்கப்பட்டது'ன்னு இருக்கே. நீங்க முதல்ல எழுதி வைக்கச் சொன்னீங்க. அதையும் சேத்து எழுதுங்க சார். போடறேன்."

அவர் வெகுநேரம் பேனாவை உருட்டினார். கடைசியில் எழுதினார்.

நான்காம் நாள் சாயங்காலம் அக்கா மாடியில் இருந்த அவள் அறைக்கு ஏறிவந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"பள்ளிக்கூடத்துல சொன்னாங்க. நீ போன்ல சொல்லலைன்னா டீச்சருக்கு ஊசியை எங்கே குத்தறதுன்னே தெரிஞ்சிருக்காதாம்."

அவள் கட்டிலில் நகர்ந்து உட்கார்ந்து அக்காவுக்கு இடம் விட்டாள்.

"எனக்கு இன்னும் கோவம்தான். சும்மா சொல்லலை."

"இருக்கட்டும்க்கா."

"உன்னைத் திட்டினதுக்குப் பொடிசு என்கூடப் பேச மாட்டேங்கறா. ரெண்டு நாளா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கா. என்னால சமாளிக்க முடியலை. வந்து சோறு ஊட்டிட்டுப் போ."

அவள் எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டாள். படியிறங்கும்போது அக்கா முன்னால் நடந்தாள். பாதிப் படியில் நின்று, திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்:

"கையில ஒண்ணும் கொண்டு வரலைல்ல?"

"ஒண்ணுமில்லக்கா." அவள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

அக்கா திரும்பி, அந்தக் கைகளை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.