வராளி சொல்லிக் கொடுக்கக் கூடாது

திருநகரில் பாட்டு டீச்சர் அனந்தலக்ஷ்மிக்கு நல்ல பெயர். பாட்டைக் காப்பாற்றுவதைவிட அந்தப் பெயரைக் காப்பாற்றுவதுதான் அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. பதினாறு வயதில் கல்யாணம் ஆனவள். அதுவரை கற்றதை வைத்துக்கொண்டே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டாள். தெரியாத ராகத்தை யாராவது கேட்டால், “அதுக்கெல்லாம் இன்னும் நாளிருக்கு” என்பாள். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

அழகம்மாள் கேட்டாள். கோச்சடையில் வாழை போட்டிருந்த முத்துக்கருப்பனின் மகள். இரண்டு பஸ் மாறி வந்து கற்றுக்கொள்கிறவள். எழுபத்தெட்டாம் வருஷம் இசைக் கல்லூரிக்கு மனுப் போட்டிருந்தாள். தேர்வில் பாட மூன்று கீர்த்தனைகளை முடிவு செய்ய வேண்டியிருந்தது.

“ரேடியோவுல வராளி ராகம் கேட்டேன் டீச்சர். அம்புட்டு நல்லா இருந்துச்சு. அதுல ஒண்ணு பாடட்டுமா?”

அனந்தலக்ஷ்மிக்கு வராளி தெரியாது. அதைச் சொல்லியிருக்கலாம். வேறொருவரிடம் போய்க் கற்றுக்கொள்ள அந்தப் பெண்ணுக்கு அப்போது நாள் இருந்தது.

“வராளியைக் குரு உக்காத்தி வெச்சுச் சொல்லிக் குடுக்கப்படாதுடி. குடுத்தா ரெண்டு பேருக்கும் மனஸ்தாபம் வந்துடும்னு சம்பிரதாயம். கேட்டுத்தான் பிடிச்சுக்கணும்.”

சம்பிரதாயம் உண்மைதான். வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லியிருந்தால்கூட மன்னித்துவிடலாம். உண்மையை முன்னால் நிறுத்தி அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

“அப்ப நீங்க பாடுங்க டீச்சர், நான் கேட்டுக்கிறேன்.”

“பாடறேன், பாடறேன். ஒரு நல்ல நாள் பார்த்துப் பாடறேன்.”

அந்த நல்ல நாள் வரவே இல்லை. கல்யாணி, மோகனம், காம்போதி என்று முடிவாயிற்று.

தேர்வன்று டீச்சரும் கூடப் போனாள். வராந்தாவில் உட்கார்ந்திருந்தாலும் உள்ளே பாடுவது நன்றாகக் கேட்டது. அழகம்மாளின் கல்யாணி அப்பழுக்கில்லாமல் இருந்தது. டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்திலிருந்த அம்மாக்களிடம், “என் பொண்ணுதான் பாடறது” என்று சொல்லிக்கொண்டாள்.

பாட்டு முடிந்ததும் தேர்வாளர் சுந்தரம்மாளின் குரல் கேட்டது.

“காலையிலேருந்து எல்லாரும் கல்யாணியாப் பாடித் தள்றீங்க. உனக்குன்னு ரொம்பப் பிடிச்ச ராகம் எது?”

“வராளிம்மா. ஆனா பாடத் தெரியாது. டீச்சர் சொல்லிக் குடுக்கக் கூடாதாம்ல?”

சுந்தரம்மாள் சிரித்தார். “பரவாயில்லையே, முறை தெரிஞ்ச டீச்சர்! வந்திருக்காங்களா? உள்ள கூப்பிடு. அவங்க ஒரு பல்லவி பாடட்டும், நீ கேட்டுப் பாடு. பிடிச்சிட்டேன்னா சீட்டு உனக்குத்தான்.”

அனந்தலக்ஷ்மி உள்ளே போய் உட்கார்ந்தாள். சுருதிப் பெட்டி ஒலித்துக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லலாம் என்றால், இவ்வளவு நேரம் வராந்தாவில் கணீரென்று பேசியது எல்லோர் காதிலும் விழுந்திருக்கும். நிமிர்ந்தாள். அழகம்மாள் அவள் வாயையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவளின் முகம் மெல்ல மாறியது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

“டீச்சர் எத்தனையோ தடவை பாடிக் காமிச்சிட்டாங்கம்மா” என்றாள் அவசரமாக. “எனக்குத்தான் பிடிபடல. இப்பப் பாடுனாலும் எனக்கு வராது.”

சுந்தரம்மாளின் முகம் கடுகடுத்தது. “இப்படி ஒரு டீச்சர் கிடைச்சும் காதைப் பொத்திக்கிட்டு இருந்திருக்கே. கேட்டு வாங்கத் தெரியாதவ இங்க வந்து என்ன பண்ணப் போறே?” என்றவர், அனந்தலக்ஷ்மியிடம் திரும்பினார். “நான் சொல்றது சரிதானே டீச்சர்?”

அனந்தலக்ஷ்மி தலையாட்டினாள்.

அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்கள். வாசல் வரை வந்த பிறகுதான் டீச்சருக்கு நாக்கு புரண்டது.

“அழகு, நான் திரும்பிப் போய் உண்மையைச் சொல்லிடட்டுமாடி?”

கேட்கும்போதே, வேண்டாம் என்று சொல்லிவிடு தாயே என்று மனசு கெஞ்சியது.

“வேணாம் டீச்சர். அடுத்த வருசம் பாத்துக்கலாம்.”

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அப்படி இருந்ததை நினைத்துத்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது. பஸ் ஸ்டாண்டு வந்து சேரும்வரை அவள் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பவே இல்லை.