கண்ணாடிக்கு அந்தப் பக்கத்து முகம்

ஆளுயரக் கண்ணாடியை மாடிக்கு ஏற்றும்போது மேலே போகிறவன் பின்பக்கமாகவே நடக்க வேண்டும். படியைப் பார்க்க முடியாது. சத்தம் போட்டால் ஆள் திடுக்கிடுவான், கண்ணாடி போய்விடும். அதனால் பேச்சே கிடையாது. கீழே தாங்கி வருகிறவன் முகத்தைப் பார்த்துத்தான் கால் வைப்போம். ஒன்பது வருஷமாக எனக்குக் கீழே தாங்கி வருவது நெட்டையனின் முகம். பெண்டாட்டி முகத்தைக்கூட நான் அவ்வளவு படித்ததில்லை.

கட்டைவிரல் நரம்பு அறுந்து ஆறு வாரம் வீட்டில் கிடந்தேன். என் இடத்துக்கு மச்சினனை நான்தான் அனுப்பினேன். திரும்பி வந்த அன்று இருவரும் கண்ணாடியோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். நெட்டையன் புருவம் அசைவதற்குள் மச்சினன் கால் திரும்பிவிட்டது. என் இடம் பறிபோகிறது, விடக்கூடாது.

"அடுத்தத நான் தூக்குறேன்."

"விரலு தாங்குமா மாமா?" என்றான் மச்சினன்.

"உங்கக்காவையே பதினாலு வருஷமா தாங்குறேன். தள்ளுடா."

ஏறினோம். மச்சினன் மேலே படி முடியும் இடத்தில் போய் நின்றுகொண்டான். பாதிப் படி தாண்டியதும் நெட்டையனின் பார்வை என்னைத் தாண்டி அவனிடம் போனது. 'பாத்தியா, கிழம் திணறுது' என்று அவனிடம் சொல்வதாகவே எனக்குப் பட்டது. ஆத்திரத்தில் வேகமாக ஓரடி வைத்தேன்.

குதிகால் எதிலோ இடறியது. அதற்குள் இரண்டு கைகள் என் முதுகைத் தாங்கிப் பிடித்தன. கண்ணாடி ஆடி நின்றது.

"பலகை கெடக்கு மாமா. அண்ணன் கண்ணக் காட்டினாரே, அதான் ஓடியாந்தேன்."

எனக்குக் காட்டிய கண். அவனுக்குப் புரிந்திருக்கிறது.

மேலே கொண்டுபோய்ச் சாய்த்த பிறகுதான் நெட்டையன் வாயைத் திறந்தான். "ஒன்பது வருஷமா இதே பார்வைதானேடா பாக்குறேன். இன்னிக்கு என்ன வந்துச்சு உனக்கு?"

அவன் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

"அடுத்ததுக்கு யாரு வேணும்? வாயால சொல்லிடு," என்றேன்.

நெட்டையன் வியர்வையைத் துடைத்துக்கொண்டான். "அவன் வரட்டும். கோவிச்சுக்காத."

இறங்கினேன். வண்டியில் இன்னும் ஏழு கண்ணாடிகள். ஒவ்வொன்றாகக் கட்டவிழ்த்து அவர்கள் கையில் கொடுத்தேன், மச்சினன் முகத்தைப் பார்க்காமல்.